ஃபுல் ஃப்ரேமா, க்ராப்பா என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள எட்வின்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பெங்களூரிலிருந்து உன் போன் வந்துவிட்டது. மருமகளுக்குக் கால் வீக்கம் குறைந்ததா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று உன் அம்மா கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொன்னாய். "பாப்பா பொறந்தா படம் எடுக்க நல்ல கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்ப்பா. ஃபுல் ஃப்ரேம் வாங்கட்டுமா, க்ராப் சென்சாரே போதுமா?" என்று கேட்டாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனேன். உன் அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் நம் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. வேலூரில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய். பிறகு குரலை இறக்கி, "அக்காவுக்கு லீவு கெடைக்கலைன்னா பரவால்லம்மா, ரொம்ப ஃபோர்ஸ் பண்ணாதீங்க" என்றாய். நான் அடுத்த அறையில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நின்றேன். உனக்குப் பதிலை போனில் சொல்வதில்லை, எழுதுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் கேமராவுக்கு வருகிறேன். நான் ஆம்பூரில் ஸ்டுடியோ போட்ட காலத்தில் ஃபுல் ஃப்ரேம் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. ஃபிலிமில் ஒரு படம் முப்பத்தாறு மில்லிமீட்டர் அகலம், இருபத்து நான்கு உயரம். அவ்வளவுதான். குறைந்தது ஒன்று வந்த பிறகுதானே இருந்ததை முழுசு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் ஷூ கம்பெனிகளுக்கு சாம்பிள் படம் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்கு முக்கால்வாசிப் பிழைப்பு. மேசைமேல் வெள்ளை சார்ட் பேப்பரை வளைத்து நிறுத்தி, அதில் ஒற்றை ஷூவை வைத்து எடுப்பேன். ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு, கூரியரில் வெளிநாட்டுக்குப் போகும். இரண்டாயிரம் பிறந்த பிறகு கம்பெனிக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் எடுத்த படம் மதியத்துக்குள் ஈமெயிலில் போக வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல்தான் டிஜிட்டலுக்கு மாறினேன். க்ராப் சென்சார் கேமராதான் கைக்கு எட்டியது.

அதில் என் பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி முதல் ஷூவை எடுத்தேன். மூக்கு வந்தது, குதிகால் வரவில்லை. லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். ட்ரைபாடைப் பின்னால் இழுத்து இழுத்துச் சுவரில் முட்டிய பிறகுதான் முழு ஷூவும் உள்ளே வந்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லென்ஸ் எப்போதும்போல முழுசாகத்தான் பார்க்கிறது. ஃபிலிம் இருந்த இடத்தில் இருக்கிற சென்சார் சின்னதாக இருப்பதால் நடுப்பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு சுற்றி இருப்பதை விட்டுவிடுகிறது. அதனால் ஐம்பது லென்ஸ் எண்பதுபோல நடந்துகொள்ளும். நாலு பேர் வரவேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் வருவார்கள்.

க்ராப்பை மட்டம் என்று சொல்லிவிடாதே. ஷூ படத்துக்கு அதைவிட நல்லது இல்லை. அதே சட்டத்துக்குள் அதே ஷூவை வைத்து எடுத்தால், ஃபுல் ஃப்ரேமில் மூக்கு தெளிவாக இருக்கும்போது குதிகால் மங்கிவிடும். க்ராப்பில் இரண்டும் தெளிவாக நிற்கும். எடையும் கம்மி, விலையும் கம்மி. ஃபுல் ஃப்ரேமின் அருமை வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் தெரியும். ஆலயத்துக்குள் ஃப்ளாஷ் போடாதே என்று ஆயர் சொல்லிவிட்டால், க்ராப்பில் எடுத்த படம் ரவை தூவினதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் மணப்பெண்ணின் முக்காட்டில் உள்ள சரிகை வரைக்கும் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த லென்ஸும் நடுவில்தான் உத்தமம். ஓரத்தில் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் இழுபடும். க்ராப் அந்த ஓரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை என்பதால் குறை தெரியாது. ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் ஓரமும் வரும், அதன் குறையும் சேர்ந்துதான் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவன்தான் அதை வாங்க வேண்டும்.

இதுவரைக்கும் எழுதியதை நீ இன்டர்நெட்டில் படித்துக்கொள்ளலாம். இனி எழுதப்போவது அங்கே கிடையாது.

வேலூரில் உன் கல்யாணம் நடந்த ஆலயத்தின் படிக்கட்டு உனக்குத் தெரியும். எதிரே கொஞ்ச தூரத்திலேயே காம்பவுண்ட் சுவர். படம் எடுக்கிறவன் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும், க்ராப் கேமராவில் இரண்டு குடும்பமும் அடங்காது. அதனால் அங்கே குரூப் ஃபோட்டோ என்றால் எங்கள் தொண்டை கிழியும். "ஓரத்துல இருக்கறவங்க உள்ள வாங்க, தோளோட தோள் ஒட்டி நில்லுங்க" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் பேசாத பங்காளிகள்கூட அந்த ஒரு நிமிடம் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு நான் மாப்பிள்ளையின் அப்பா, படத்தில் நிற்க வேண்டியவன். அதனால் பேரணாம்பட்டு இக்பால் பாயைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்போது அவரிடம்தான் ஃபுல் ஃப்ரேம் இருந்தது. சென்னையில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கி, குழந்தையைத் தூக்குகிறதுபோலத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அக்காவைப் பற்றி உனக்கே நான் எழுத வேண்டியிருப்பது எனக்குக் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நீ காலேஜுக்குப் போன வருடம் கிரேஸ் பிளஸ் டூ முடித்து ஏற்கெனவே ஷூ கம்பெனியில் இருந்தாள். ஷூவின் மேல்பாகம் செய்கிற அப்பர் டிபார்ட்மென்ட். தோலை மடித்துத் தைப்பதற்கு முன்னால், சொல்யூஷன் என்று சொல்கிற பசையை பிரஷ்ஷால் தடவி ஒட்டுகிற வேலை. பிரஷ்ஷைவிட விரல்தான் வேகம் என்று விரலாலேயே தடவுவார்கள். கம்பெனி ஐடி கார்டுக்கு அவளை நான்தான் படம் எடுத்தேன். பிரிண்டில் உதட்டோரம் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. ஃப்ளாஷ் பட்டுப் பளபளக்கிறது என்று நினைத்து விளக்கைத் தள்ளி வைத்து மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் அதே பொட்டு. பிறகு விரல்களில் வந்தது, புறங்கையில் வந்தது. வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நீதான். இது அடுத்தவருக்குத் தொற்றாது, பரம்பரையாகவும் வந்ததில்லை, அந்தப் பசை ஒத்துக்கொள்ளாமல் வந்ததாகத்தான் தெரிகிறது, இனிமேல் அதைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை வந்து எங்களுக்குச் சொன்னவனும் நீதான். பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிக்கொண்டாள். வெள்ளை மட்டும் போகவில்லை. அவளைப் பார்க்க வந்த இரண்டு இடமும் காபியைக் குடித்துவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று போனதோடு சரி.

அதற்குப் பிறகு அவள் கேமரா முன்னால் நிற்பதே இல்லை. ஃபோட்டோக்காரன் மகள், வீட்டில் அவளுடைய படம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாரையும் நிறுத்தினால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். வெளியே போனால் இடது கை எப்போதும் முந்தானைக்குள். உன் கல்யாணத்தன்று நான் கூப்பிடவில்லை, அம்மா கூப்பிடவில்லை. எல்லாரும் படியில் ஏறி நின்ற பிறகு, பச்சைப் பட்டுப் புடவையோடு அவளாகவே வந்து இடது ஓரத்தில் நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் போய்விடுவாளோ என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கும் பக்கத்தில் நின்ற உன் அத்தைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. உள்ளே தள்ளிக்கொள்ளலாமா என்பதுபோல அவள் பாயைப் பார்த்தாள். பாய், "அங்கியே நில்லும்மா, இதுல ஜாஸ்தி எடம் இருக்குது, எல்லாம் ஃபுல்லா வரும்" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதற்குத்தானடா ஃபுல் ஃப்ரேம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாயிடமிருந்து சிடியை நீயே வாங்கிக்கொண்டு போய், பெங்களூரில் ஆல்பம் போட்டு, பெரிய பிரிண்ட் ஒன்றையும் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாய். வைத்துவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டாய். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்ததும், "கிரேஸ் எங்கங்க?" என்றாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இடது பக்கம் உன் அத்தையோடு படம் முடிந்துவிட்டது. அத்தையின் காலடியில், சாயங்கால வெயிலில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

உனக்கு போன் போட்டேன். நீ தயங்கவே இல்லை. "பாய் ஃபுல் ஃப்ரேம் பாடில க்ராப் லென்ஸ மாட்டிட்டாருப்பா, அதான் ஓரம் போய்டுச்சு" என்றாய். எட்வின், இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் நான். சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸைப் பெரிய சென்சாரில் மாட்டினால் நாலு மூலையும் வட்டமாகக் கறுத்துப்போகும். இல்லாவிட்டால் கேமராவே நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் போகும். உன் படத்தில் வலது பக்கம் உன் மாமனாரின் தம்பிக்கு அப்புறமும் படிக்கட்டு காலியாகக் கிடக்கிறது. நீயும் உன் மனைவியும் படத்தின் நடுவிலேயே இல்லை. சென்சார் வெட்டினால் இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்ட மனிதன் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நீ சொன்னதை நம்பினேன். பிள்ளை சொல்கிறான் என்று வந்துவிட்டால் கண் பார்ப்பதைக்கூட மனசு ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

அந்தக் கோபத்தில் பாயைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் அடுத்த பஸ்ஸிலேயே ஆம்பூருக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையைத் திறந்து அந்த லென்ஸை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஃபிலிம் காலத்து இருபத்து நான்கு மில்லிமீட்டர் லென்ஸ், முழு ஃப்ரேமுக்கே செய்தது. நானே அவருக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. "இது க்ராப் லென்ஸாண்ணே? நீங்களே சொல்லுங்க. வேற யாராவது சொல்லியிருந்தா போடான்னு போயிருப்பேன். நீங்க சொன்னதுதான் பேஜாரா இருக்குது" என்றார். பிறகு தன்னிடம் இருந்த இன்னொரு சிடியை கம்ப்யூட்டரில் போட்டு அந்தப் படத்தைத் திறந்தார்.

அதில் கிரேஸ் இருந்தாள், எட்வின். இடது ஓரத்தில், முழுசாக. லென்ஸின் ஓரம் என்பதால் கொஞ்சம் இழுபட்டிருந்தாள், கொஞ்சம் மங்கலாகக்கூட இருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, முந்தானைக்குள் மறைக்காமல், அந்த வெள்ளை விரல்களோடு நின்றிருந்தாள். பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லென்ஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, விடுங்கண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீ பழியை எவ்வளவு சுலபமாக ஒரு மனிதன்மேல் தூக்கிப் போட்டுவிட்டாய்.

யாருக்காக வெட்டினாய் என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். உன் மனைவி வீட்டாருக்காக என்று நீ சொல்ல முடியாது. நிச்சயத்துக்கு முன்னாலேயே உன் மாமியார் என்னிடம் நேராகக் கேட்டார்கள், இது பரம்பரையா என்று. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டி, போகும்போது கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுத்தான் போனார்கள். மறைக்க வேண்டிய இடத்தில் மறைக்காமலேயே காரியம் நடந்துவிட்டது. அப்புறம் யாருக்கு? உன் ஆபீஸில் ஆல்பம் பார்க்கிறவர்களுக்கா? வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டு, இது யார், கையில் என்ன என்று ஒருவர் கேட்பார், அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்த ஒரு பதிலுக்காகவா? வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எழுது.

இன்னொன்றை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என் பழைய க்ராப் கேமராவில் எடுத்திருந்தால், உள்ளே வாங்க, ஒட்டி நில்லுங்க என்று யாராவது கத்தியிருப்பார்கள். கிரேஸ் நகர்ந்து வந்து அத்தையின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளை வெட்ட வேண்டுமென்றால் அத்தையின் கையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். உன்னால் முடிந்திருக்காது. எல்லாருக்கும் இடம் இருக்கிற கேமரா என்று நான் சந்தோஷப்பட்ட அந்தக் கேமராதான் அவளைத் தள்ளி நிற்கவிட்டது. அந்த இடைவெளியில்தான் நீ கோடு போட்டாய்.

முழுப் படத்தையும் நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். உன் படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டப் போனபோது கிரேஸ் ஆணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மாட்டாதீங்கப்பா. அவன் வந்து பாத்தா மூஞ்ச எங்க வெச்சிப்பான்?" என்றாள். அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். நீ கொண்டுவந்து வைத்த அன்றைக்கே நிழலைப் பார்த்துவிட்டாளாம். அம்மாவிடம் நல்லா வந்திருக்குது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கம்பெனி வேனில் என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை. அந்தப் பிரிண்ட் இப்போது பீரோவுக்குப் பின்னால் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது. ஹாலில் உன் படம்தான் இன்னும் தொங்குகிறது. உன் முகத்தைக் காப்பாற்றியது அவள்தான். அவளுக்குத்தான் நீ லீவு கிடைக்காமல் போகட்டும் என்கிறாய்.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். கிழித்துப் போட்டாலும் போடட்டும், அவள் விருப்பம் என்று இருந்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவ்ளோ எழுதியிருக்கீங்க, அவன் எத வாங்கறதுன்னு கேட்டதுக்கு பதிலே சொல்லலியே" என்றாள். சரிதான். இப்போது சொல்கிறேன்.

க்ராப்பையே வாங்கு. அதில் எல்லாரும் தானாக அடங்கமாட்டார்கள். ஓரத்தில் நிற்கிறவர்களை நீ வாயைத் திறந்து உள்ளே கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்டுப் பழகு. பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு அதே படிக்கட்டில் குரூப் ஃபோட்டோ உண்டு. அதை வேறு யாரும் எடுக்க வேண்டாம், நான் எடுக்கிறேன். என் பழைய க்ராப் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டேன். சுவரில் முதுகை ஒட்டி நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே நிறுத்துவேன். நீயும் உன் மனைவியும் நடுவில், உங்களுக்கு நடுவில் அக்கா. பாப்பா அவள் கையில் இருக்கும். அந்தப் படத்தில் எங்கே கோடு போடுவாய் என்று நானும் பார்க்கிறேன்.

நேற்று வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கிரேஸ் சொன்னாள்: "லீவு எழுதிக் குடுத்துட்டேன்ப்பா. கெடச்சிடுச்சு."

உன் ஆல்பத்தில் நீ இன்னும் வெட்டாமல் விட்டுவைத்திருக்கும்
அப்பா